லாரி

பாலிக் புலாவ் சந்தை தாண்டி
மலைப்பாதை தொடங்கும் வளைவில்
மேகி அட்டைப்பெட்டியைக் கிழித்து
தெலுக் பஹாங் என்றெழுதிப் பிடித்திருந்தேன்.
எழுத்து கோணல்.

கட்டைவிரலை நீட்டினால் வண்டி நிற்குமாம்.
விருதுநகரில் அதை ஆட்டினால்
உனக்கு ஒன்றுமில்லை போ என்று பொருள்.
இங்கே மரியாதையாகத் திசை காட்டுவதே
கட்டைவிரலால்தானாம்.
மோட்டாரில் போன பெரியவர்
என் விரல் போன திக்கில் திரும்பிப் பார்த்தார்.
அங்கே ஒரு ஜாதிக்காய் மரம்.
தலையசைத்துவிட்டுப் போனார்,
நல்ல மரம்தான் என்பதுபோல.

நாற்பது அடி தள்ளி
ஒரு சுவிட்சர்லாந்து ஜோடி வந்து நின்றது.
அவள் விரலை முழுதாக நீட்டக்கூட இல்லை,
வெள்ளைக் கார் நின்றுவிட்டது.
கண்ணாடி வழியே கையசைத்தார்கள்.
நானும் அசைத்தேன். வேறென்ன செய்ய.

ஒரு மணி நாற்பது நிமிடம்.
மிச்சம் பிடித்த பஸ் காசைவிட
தண்ணீர் பாட்டிலுக்கு அதிகம் போயிருந்தது.

அப்புறம்தான் அந்த நீல வண்டி.
பின்னால் கூடை கூடையாய் டுரியான்,
முன்னால் பனியனோடு ஒரு சீனர்.
ஊய் என்று பெயர் சொன்னார்.
மேலும் கீழும் பார்த்தார்,
பிய்ந்த ஷூவைக் கொஞ்சம் கூடுதலாக.
"பங்ளா?"
"இந்தியா."
"லாரி?"
லாரிதான், பரவாயில்லை, லாரி ஓகே என்று
பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினேன்.
உச்சுக்கொட்டிக் கதவைத் திறந்தார்.

பேச்சில்லை.
ரேடியோவில் யாரோ சீனத்தில் எதையோ விற்றார்கள்.
வளைவுக்கு வளைவு
கூடைகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டன.
வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.
தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரம்.
அவருடைய மதியச் சாப்பாடு அது என்பது
பாதி தின்ற பிறகுதான் உறைத்தது.

உச்சி தாண்டியதும் ஓரங்கட்டினார்.
"போலீஸ்." கட்டைவிரல் கீழே காட்டியது.
பிறகு அதே விரல் தோப்புக்குள் ஒரு தடத்தை.
புரிந்தது என்று நினைத்தேன்.
ஊரில் ஷேர் ஆட்டோக்காரர்
கூடுதல் ஆளைச் செக்போஸ்டுக்கு முன் இறக்கி
அந்தப் பக்கம் ஏற்றிக்கொள்வாரே,
அதுதான்.

பழம் தரையில் மோதாதிருக்க
மரத்துக்கு மரம் வலை.
குனிந்து குனிந்து நடந்தேன்.
செல்லுபடியாகும் பாஸ்போர்ட்
சட்டைப்பையில் வியர்வையில் நனைந்தது.

நடுத்தோப்பில் பலகை மேல் ஒருவன்.
என் வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ்.
பயப்படவில்லை, நகர்ந்து இடம் கொடுத்தான்.
எத்தனை ஆச்சு என்றான் இந்தியில்.
அரைகுறை இந்தியில் உண்மையைச் சொன்னேன்:
பத்தொன்பது நாள்.
"புதுசு" என்று சிரித்தான்.
ஒரு கையை முழுதாக விரித்து
மறுகையில் ஒரு விரல் காட்டினான்.
நாள் இல்லை அது.
இருந்த ஒரே சிகரெட்டை
நகத்தால் கிள்ளி இரண்டாக்கினான்.
எனக்குப் பழக்கமில்லை. புகைத்தேன்.
மேலே எங்கோ காம்பு விடும் சத்தம்,
வலை ஒருமுறை தொய்ந்து எழுந்தது.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

ஹாரன்.
நீயும் வாயேன் என்று கை காட்டினேன்.
அவன் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெலுக் பஹாங் ரவுண்டானாவில்
ஐம்பது ரிங்கிட்டைச் சட்டைப்பையில் திணித்தார் ஊய்.
வேண்டாமென்ற கையை மடக்கிப் பிடித்தார்.
"பாஸ் நோ குட். நோ கோ பேக்."
எந்த பாஸ் என்று கேட்பதற்குள் வண்டி போய்விட்டது.
டுரியான் வாடை மட்டும்
இன்னும் கொஞ்சம் நின்றது.

விடுதியில் சாவி கொடுத்த ஹஸ்லிண்டா சொன்னாள்:
வண்டிக்கு லோரி.
லாரி என்றால் ஓடுவது.
ஓடிப்போவதும்.

மாடியில் சுவிஸ் ஜோடி படம் காட்டிக்கொண்டிருந்தது.
மூன்றே நிமிடத்தில் கார்,
என்ன அன்பான ஜனங்கள் என்றார்கள்.
ஆமாம் என்றேன். பொய்யில்லையே.

படுக்குமுன் கணக்கு நோட்டைத் திறந்தேன்.
கட்டில், இருபத்தெட்டு.
குவே தியோ, ஒன்பது.
ஊயின் தாளைத்தான் மாற்றியிருந்தேன் இரண்டுக்கும்.
வரவு என்று ஒரு பத்தி
அந்த நோட்டில் கிடையாது.
செலவுக்குக் கீழேயே எழுதினேன்:
லாரி, ஐம்பது.