சுற்றுவழி

பெர்கனில் மழை.
கண் தெரியாத ஹல்வாரின் உள்ளங்கையில்
ரோபோவின் கைப்பிடி அதிர்கிறது:
இடப்பக்கம்.

இடப்பக்கம் செங்குத்து ஏற்றம்,
வழுக்கும் கல், மீன்வாடை.
நேரே போனால் ரொட்டிக்கடை,
நூறு தப்படி.

பதினோரு மாதம்
கடைக்காரி ராக்ன்ஹில்டின் குரலுக்கு அஞ்சி
அதைச் சுற்றி இழுத்துப் போனவர் அவர்தான்.
கடன் என்று சொல்லவில்லை.
அதுவும் கேட்கவில்லை,
கற்றுக்கொண்டது.

நேற்றுக் கணக்கு தீர்ந்தது.
கடைசி குரோனர் வரை எண்ணி வாங்கியவள்
ஏலக்காய் ரொட்டி ஒன்றைச் சும்மா கொடுத்தாள்.

"நேரே போ" என்கிறார்.
நிற்கிறது.
சக்கரம் அரை விரல் முன்னே,
அரை விரல் பின்னே.

வெட்கத்தை
எந்தப் பொத்தானில் அழிப்பது?

சலித்துப்போய்
அவரே முன்னால் நடக்கிறார்,
அதை இழுத்துக்கொண்டு,
வெந்த மாவு மணக்கும் பக்கமாக.