ஆறு துண்டு

போன வருஷம் தைப்பூசம் முடிந்த மறுநாள்
வேதமாணிக்கம் சார் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு
"இனிமே அஞ்சு" என்றார்.
தீபாவளி கழிந்து, "ஆறு."
அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
செனோக்கோவில் விடிகாலை இரண்டு மணிக்கு
கேள்வி கேட்க யாருக்கும் கை ஓய்வதில்லை.

உறைந்த கானாங்கெளுத்தி
பலகையில் விழும்போது விறகுக்கட்டைச் சத்தம்.
தலை போக, வால் நுனி போக,
முன்பெல்லாம் நான்காக வெட்டுவேன்.
விடுதிப் பையன்களுக்கு மூன்று வேளைக்கும் சேர்த்து
மாதம் நூற்று அறுபது வெள்ளி.
ஐந்து வெள்ளி ஏற்றினால்
அடுத்த கிச்சன்காரர் நூற்று ஐம்பத்தைந்தோடு வாசலில் நிற்பார்.
ஆகவே விலை அப்படியே இருக்கிறது.
நம்புங்கள், மூன்று வருஷமாக ஒரு காசு ஏறவில்லை.
மீன்தான் இறங்குகிறது.

வானொலியில் பணவீக்கம் என்கிறார்கள்.
வீக்கமாம்.
இந்தப் பலகையில் வீங்கியது எதையும் நான் பார்த்ததில்லை,
குளிரில் என் விரல் கணுக்களைத் தவிர.

சனிக்கிழமை வேறு கத்தி, வேறு மீன்.
புக்கிட் தீமாவில் மதுரவாணி அம்மா வீட்டில்
அறுபது பேருக்கு விருந்து.
ஆளுக்கு இருபத்திரண்டாக இருந்தது இருபத்தெட்டு என்று
சார் தொலைபேசியில் மென்று மென்று சொன்னார்:
"எல்லாம் ஏறிப்போச்சும்மா, எண்ணெய், கேஸ்..."
அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம்கூடத் தயக்கமில்லை.
"அதனாலென்ன. கொடுவா மட்டும்
துண்டு கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்."
உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினேன்.
ஞாயிறு திரும்பி வந்த தட்டங்களில்
பாதித் துண்டுகள் மசாலா கலையாமல் கிடந்தன.
கெட்டவர் இல்லை அவர்.
பாத்திரம் கழுவும் ஹஸ்னாவின் பிள்ளைக்குப்
பள்ளிப் பை வாங்கித் தந்தவர்.
விலை ஏறியது அவருக்குத் தெரியும்.
தெரியும், அவ்வளவுதான்.

கொடுவாத் தலைகள் எனக்கும் ஹஸ்னாவுக்கும்.
யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம்.
மார்சிலிங் வாடகை வீட்டில் சனிக்கிழமை ராத்திரி
புளியைக் கரைத்து வைத்துக் காத்திருப்பான் என் மகன்.
மார்ச்சில் யீஷூன் காப்பிக்கடைக்காரர் வந்தார்.
தலைக்கு இரண்டு வெள்ளி.
சார் எங்களைப் பார்க்காமல் சரி என்றார்.
சும்மா வந்ததற்கு விலை வந்த அன்றுதான்
விலைவாசி என்றால் என்னவென்று
என் வீட்டுச் சட்டிக்குத் தெரிந்தது.
மகன் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றினான்.
"இதுவும் நல்லாத்தாம்மா இருக்கு" என்றான், பெரிய மனுஷன் போல.

நேற்று லாரி ஓட்டும் நாதமுனி கைப்பேசியை நீட்டினான்.
கிராஞ்சி விடுதியிலிருந்து
அறவாழி என்றொருவர் அனுப்பிய படம்.
பிரித்த பொட்டலம், சோறு, மீன் துண்டு,
பக்கத்தில் ஓர் இருபது காசு.
திட்டி ஒரு வார்த்தை இல்லை.
அளவு தெரியட்டும் என்று வைத்திருக்கிறார்.
காசைவிட மீன் கொஞ்சம் பெரிது.

சாய்ந்து விழுந்த அந்த வெட்டு என்னுடையது.
கையெழுத்து மாதிரி, மறைக்க முடியாது.

இந்தப் படத்தை அவர் ஊருக்கு அனுப்பியிருக்க மாட்டார்.
என்ன சாப்பாடு என்று அங்கே கேட்டிருப்பார்கள்,
மீன் என்று சொல்லியிருப்பார்.
பொய்யும் இல்லை.

இன்றைக்கு சார் பலகை அருகே வந்து நின்றார்.
அவர் சட்டைக் காலர் நைந்திருப்பதை
இப்போதுதான் பார்க்கிறேன்.
"ஏழு வருமா?"
"வரும் சார். ஏழாவது வெறும் முள்ளா வரும்."
கொஞ்ச நேரம் நின்றார்.
எண் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

லாரி நாலரைக்கு.
முதல் மீன் பலகையில்.
கத்தியை எந்த இடத்தில் வைப்பது என்று
இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.