தாழ்ப்பாள்

சிவப்பு முட்டையோடு.
கட்டைவிரல் நகம் அளவுதான்,
அடுப்புச் சாம்பலோடு கொட்டிக் கிடந்தது.
எழுதிக்கொடுத்தது நான்.

ஷ்கோதரில் அது ஏப்ரல் கடைசி. ஏரிக்காற்று.
எங்கள் தெருக்கோவிலைக்
கூடைப்பந்து மைதானமாக்கி ஆறு வருஷம்.
பீடம் இருந்த இடத்தில் வலைக்கம்பம்.

படிவத்தில் பெயருக்கு ஒரு கோடு, தேதிக்கு ஒரு கோடு,
‘கண்டது’ என்ற இடத்தில் நாலு கோடு.
வெங்காயச் சருகில் சாயமேற்றிய முட்டை,
ஈஸ்டர் கொண்டாடியதற்கு அத்தாட்சி, என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்.
பள்ளியில் பரிசு வாங்கியது.

எனக்கு ஒரு மூட்டை நிலக்கரி கிடைத்தது.
ப்ரெந்தாவின் புருஷன் பாஷ்குக்குச்
செம்புச் சுரங்கத்தில் எட்டு வருஷம்.

அதற்குப் பிறகும் ரொட்டி வரிசையில்
எனக்கு முன்னாலோ பின்னாலோ நின்றாள்.
முறைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.
‘இன்றைக்கு மாவு புளித்திருக்கிறது’ என்பாள்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு என் மகன்.
பிறந்து இருபது நாள், காய்ச்சல் மூன்று நாள்.
மூன்றாம் இரவு அழுகையை நிறுத்தினான்.
டாக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு
மாடிப்படியில் மெதுவாக இறங்கிப்போனார்.
எனக்கு விசுவாசம் இருந்ததா, தெரியாது.
பெயரில்லாமல் போகக்கூடாது,
அவ்வளவுதான்.

போர்வைக்குள் அவனைச் சுருட்டிக்கொண்டு
தெருவைக் கடந்தேன். பதினேழு எட்டு.
தட்டினேன்.
‘யார்?’
‘நான்தான். லூலே. குழந்தை சாகிறான். தண்ணீர் ஊற்று.’

பதில் இல்லை.

கதவுப் பலகையில் ஒரு விரிசல்;
அதன் வழியே அவள் மூச்சு கேட்டது.
பீரங்கிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான்.
ஆனால் போர் என்றால்
எனக்கு அந்த மூச்சுதான் நினைவுக்கு வரும்.

இது பொறி என்று ஒன்று சொல்லியிருக்கும்.
முனையில் ஜீப் நிற்கிறது என்று,
உள்ளே உன் இரண்டு பெண்கள் தூங்குகிறார்கள் என்று.
அவையெல்லாம் சின்ன எதிரிகள்.
காதோரம் தேனாகப் பேசுகிறதே, அதுதான் பெரியது:
போகட்டும், அவள் பிள்ளைதானே.

அதோடு அவள் எப்படி மல்லுக்கட்டினாள்,
எங்கே சறுக்கினாள், எதைப் பிடித்து எழுந்தாள்,
நான் அறியேன்.
துருவேறிய தாழ்ப்பாள் விலகிய சத்தம் மட்டும்
அறிவேன்.

தலைச்சீரா இல்லை, கேடகம் இல்லை.
முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை,
வெறுங்கால்,
கையில் விளிம்பு பெயர்ந்த எனாமல் குவளை.

‘பெயர்?’
‘நீயே வை.’
குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
‘பாஷ்க்’ என்றாள்.

எங்கள் பாஷையில் ஈஸ்டருக்கும் அதே வேர்தான்.
அது எனக்கு அந்த இரவு உறைக்கவில்லை.
புருஷன் பெயர் என்பதுதான் உறைத்தது.

மூன்று முறை ஊற்றினாள்.
பிதா. சுதன்.
மூன்றாவதில்தான் கை நடுங்கியது.
குழந்தை மூக்கைச் சுளித்தான்,
குளிர்ந்த தண்ணீர் பட்ட எந்தக் குழந்தையையும் போல.

விடியுமுன் போய்விட்டான்.

என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள்.
நான் கேட்டதில்லை.
அடுத்த நாள் வரிசையில்
எனக்கு முன்னால் இடம் விட்டு நின்றாள்.

மாதக் கடைசியில் அதே அறை, அதே படிவம்.
எதிர்வீட்டில் என்ன விசேஷம் என்றார் அதிகாரி.
தேநீர் கொடுத்தார். சர்க்கரை இரண்டு கட்டி.
பேனாவை மையில் தோய்த்தேன்.

கண்டது: ஒன்றுமில்லை.

எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.