குடியிருப்போர்

அது பறவைக் காய்ச்சல் மாதம்.
புளியரை சோதனைச் சாவடியில்
மலை இறங்கி வரும் லாரிகளின் டயருக்கெல்லாம்
மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.
நான் ஏற வேண்டிய பேருந்துக்கும் அடித்தார்கள்.
ஆரியங்காவிலிருந்தே உட்கார்ந்து வந்தவர்கள்
கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.
நனைந்தது டயர் மட்டும்.

செங்கோட்டையில், எங்கள் எலும்பு வார்டில்
ஒரே மாதத்தில் மூன்று தையல் சீழ் வைத்துப் பிரிந்தது.
முதலில் பீர்மா பீவி. தொடை எலும்பு.
அப்புறம் தென்மலை ஓமனக்குட்டன்,
பலாமரத்திலிருந்து விழுந்து முழங்காலில் கம்பி வைத்தவர்.
மூன்றாவது ஒரு சின்னப் பையன்.
பெயர் சொல்ல மாட்டேன்.
அவன் அம்மா என்னைக் கண்டால் இன்னும் சிரிக்கிறாள்.

தண்ணீர்தான் என்றார்கள். ஏ.சி. என்றார்கள்.
தியேட்டரை மூன்று முறை கழுவினோம்.
‘அந்த மலையாளத்தான் கொண்டாந்தது’ என்றார் கேண்டீன்காரர்,
ஓமனக்குட்டன் வருவதற்கு ஒன்பது நாள் முன்னமே
பீர்மா பீவிக்குச் சீழ் கோத்ததை
அவர் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியில் எல்லார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி.
லேப் உச்சிமாகாளி எங்களை வரிசையில் நிறுத்தினான்.
ஒரு துளைக்கு மூன்று சுற்று.
பெரிய டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது,
அதற்காகவே அன்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

இரண்டு நாள் கழித்துத் தட்டைத் திறந்து காட்டினான்.
ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புத் தட்டு.
அதன்மேல் பொட்டுப் பொட்டாகப் பொன்.
தட்டான் கடையில் ஊதித் தெறித்த மாதிரி.

‘யாருது இது, இவ்வளவு அழகா?’

‘சிஸ்டர், உங்களுதுதான்.’

எனக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை.
பதினோரு வருடத்தில் காய்ச்சலுக்கென்று
ஒரு நாள் லீவு போட்டதில்லை.
அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.
மாஸ்க் நழுவும்போதெல்லாம்
இந்த விரலால்தான் மூக்கு நுனிக்கு ஏற்றுவேன்.
இந்த விரல்.
அடுத்து அது எந்தக் கட்டைப் பிரித்தது?

மூன்று பேரில் ஒருத்தர் மூக்கில் இருக்கும்,
உங்கள் தப்பில்லை என்றார் டாக்டர்.
அந்தப் பையனின் படுக்கை எண் பதினேழு.

அடுத்த தட்டு சுடலைக்கனியுடையது.
வாளியும் துடைப்பமுமாக எங்கள் அழுக்கையெல்லாம் அள்ளுகிறவள்.
பொன் இல்லை. மங்கலாக, வெளுப்பாக, பார்க்க ஒன்றுமே இல்லை.
உச்சிமாகாளிக்கு என்ன தோன்றியதோ,
என்னுடையதைத் தட்டு முழுக்க விதைத்து
நடுவில் அவளுடையதை ஒரு புள்ளி வைத்திருந்தான்.
விடிந்தபோது தட்டெல்லாம் நான்.
அவள் புள்ளியைச் சுற்றி மட்டும்
வெறும் சிவப்பில் ஒரு வட்டம்.
‘என்னத்தையோ கக்குது சிஸ்டர்,
உங்க ஆளு கிட்ட வரமாட்டேங்கான்.’

சுடலைக்கனியிடம் சொன்னேன்.
‘எம் மூக்குலயா? இத்தன நாளாவா?’
வாளியைக் கீழே வைத்தாள்.
‘வாடக குடுக்குமா அது?’

களிம்பு ஐந்து நாள், காலையும் ராத்திரியும்.
சுண்டுவிரல் நுனியில் எடுத்து உள்ளே தடவி
மூக்கைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும்.
தொண்டைக்குள் மெழுகு இறங்குகிற மாதிரி இருக்கும்.
வார்டுக்குப் போகக் கூடாது.
ரிஜிஸ்டர் எழுதினேன். பழைய எக்ஸ்ரேக்களை அடுக்கினேன்.
என்னோடு பிறகு யார் யாரோ வந்து சேர்ந்திருக்கலாம்,
ஆனால் இவை எப்போது வந்தன?
என்னைக் கேட்காமல் தங்கி,
எனக்கு மட்டும் ஒன்றும் செய்யாமல்.

‘போனதுக இடம் காலியாவே இருக்குமா?’

உச்சிமாகாளி குச்சியை உறையில் போட்டு ஒட்டினான்.
‘காலி மனை எது காலியா கெடந்திருக்கு?
அதேதான் திரும்பி வரலாம். வேற வரலாம்.
நல்லது வந்தா நல்லது.’

ரிசல்ட் திங்கட்கிழமை.
இறங்கும்போது சாவடியில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
குழாயைப் பிடித்திருந்த பையனுக்குத் தும்மல் வந்தது.
ஒன்று, இரண்டு.
புறங்கையால் துடைத்துக்கொண்டு
அடுத்த லாரியை நிறுத்தக் கை காட்டினான்.