ஒரு நாளைக்கு நாலு விநாடி

செவெரின் சீட்டை நாலாக மடித்துத் தந்தார்.
முகம் மேலே, கூடுதல் ஐந்து.
முகம் கீழே, கூடுதல் மூன்று.
திருகு இடப்பக்கம், குறைவு ஒன்று.
அறுநூற்று நாற்பது ஸ்லோட்டி.
"கட்டிப் பாருங்கள், போக்னா.
சோதித்த இயந்திரத்துக்கு மணிக்கட்டு கிடையாது."

என் மணிக்கட்டு வேலை பார்ப்பது
கிடினியா துறைமுகத்தின் ஐந்தாம் எண் கிரேனில்,
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில்.
பெட்டி தளத்தைத் தொடும்போது
எலும்பெல்லாம் ஒரு தடவை குலுங்கும்.
கடிகாரத்துக்குள்ளும் ஓர் எலும்பு சுருண்டிருக்கிறது,
தலைமுடியைவிட மெலிதாக.

காலை ஆறு. வானொலியின் கடைசிப் பீப்புக்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டு விநாடி முள்ளைப் பார்ப்பேன்.
கெட்டில் கத்தட்டும்.
கட்டம் போட்ட நோட்டில்
திங்கள் நாலு
செவ்வாய் எட்டு
புதன் பன்னிரண்டு
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.
வியாழன் முப்பத்தொன்று.

நாலாம் வாய்ப்பாட்டில் முப்பத்தொன்று ஏது?
அறுநூற்று நாற்பதையும் சேர்த்துக் கத்தினேன் போனில்.
"ராத்திரி எதன்மேல் வைத்தீர்கள்?"
டாப்லெட் உறைமேல்.
"மூடியில் காந்தம். கொண்டுவாருங்கள்."

கடையில் ஒரு சின்னத் திசைகாட்டியை நீட்டினார்.
முள் வடக்கை விட்டுவிட்டு
என் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தது.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.
நீலப் பெட்டி, ஒரு பொத்தான், ஒரு நொடி.
காசு வாங்கவில்லை.

மறுபடி நாலு. மறுபடி எட்டு.
தங்கை லிட்காவுக்குப் பித்தப்பை எடுத்த இரவு
நாற்காலியிலேயே தூங்கினேன், கழற்றாமல்.
மயக்கம் தெளிந்தும் தெளியாமலும்
"மணி என்ன?" என்றாள்.
மூன்று பத்து.
அப்புறம் மனசு கேட்காமல்,
பத்து விநாடி கழித்துக்கொள் என்றேன்.
சிரித்தாள். தையல் இழுத்தது.
சிரிப்பு மூட்டினால் வெளியே அனுப்புவேன் என்று
நர்ஸ் என்னைத்தான் திட்டினாள்.
அந்த இரவின் கட்டத்தில் ஒன்றே ஒன்று.
உடம்புச் சூடோ, உட்கார்ந்த கோணமோ,
நோட்டில் காரணத்துக்குக் கட்டம் இல்லை.

இன்று கூண்டில் காற்று அதிகம்,
கிரேனை நிறுத்திவிட்டார்கள்.
சும்மா கணக்குப் போட்டேன்:
நாளைக்கு நாலு விநாடி வீதம் முந்தி முந்தி
பன்னிரண்டு மணி நேரத்தை முழுதாக முந்த
இருபத்தொன்பது வருஷம், ஏழு மாதம்.
அன்றைக்கு முட்கள் தாமாகவே
சரியான இடத்தில் வந்து நிற்கும்.
எனக்கு எண்பத்திரண்டு நடக்கும்.
ஐந்து வருஷத்தில் எண்ணெய் காயும் என்று
சீட்டின் அடியில் பொடி எழுத்து.

திருகை இழுத்தேன். பிறகு அமுக்கிவிட்டேன்,
முள்ளைத் தொடாமல்.
கீழே ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது.
என் நாலையும் எட்டையும் கழித்துப் பார்த்தாலும்
நாற்பது விநாடி தாமதம்.
யாரிடமும் சொல்லவில்லை.