ஒன்பது புள்ளி

கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பாமசிக்கும் பழக்கடைக்கும் நடுவில்
ஆறடி அகலம் என் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் இரவு தங்கும்
ஒவ்வொரு போனின் முதுகிலும்
ஒரு துண்டு மாஸ்கிங் டேப்:
பேர், என்ன பழுது, மறுகா
பூட்டுத் திறக்கும் கோடு.

ஒன்பது புள்ளி போட்டுப் பேனையை நீட்டினால்
யோசிக்காமல் வரைந்து தருவார்கள்.
பாதிப் பேர் 'ட'.
மீதிப் பேர் 'ப'.
வாசல் கேற்றுக்கு இரண்டு ஆமைப்பூட்டுப் போடுகிற
மீன் முதலாளியும்
எனக்கொரு 'ட' எழுதித் தந்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனார்.

பெற்றரி பொங்கிக் கொண்டுவருகிறவனை ஏசுவேன்:
"தலையணைக்குக் கீழ வெச்சா சார்ஜ் போட்ட?
நெருப்பக் கொண்டுபோய்ப் பக்கத்துல
படுக்க வெச்சிருக்காய்."
அதற்கு எனக்கு வாய் இருந்தது.
டேப்பைப் பற்றிச் சொல்ல இருக்கவில்லை.

ஒருநாள் பார்த்தேன்.
ஜெஸீமா ராத்தாவின் போன்.
டிஸ்பிளே மாற்றி, தொட்டால் வேலை செய்யுதா என்று
தட்டிய விரல்
அங்கேயே நின்றிருக்கலாம்.
படம் எதுவும் தேடவில்லை நான்
என்று எனக்கே சொல்லிக்கொண்டு
குறிப்பேட்டைத் திறந்தேன்.
அப்பம் சுட்டு விற்ற காசில்
அவர் கொடுத்த கடன்கள்.
சீனிமுகம்மது, இரண்டாயிரம்.
பள்ளிக்கூடத்து வாச்சர், ஐந்நூறு.
அகமதுலெப்பை, பதினாலாயிரம். கேட்கக் கூடாது.

அகமதுலெப்பை என் வாப்பா.
மௌத்தாகி நாலு வருஷம்.
திகதியைப் பார்த்தேன்:
இந்தக் கடைக்கு நான்
முற்பணம் கட்டிய கிழமை.

பதினாலாயிரமும் இப்போது கவரில் போட்டு
லாச்சிக்குள் கிடக்கிறது.
கொடுத்தால்
எப்படித் தெரியும் என்று கேட்பாரே.

போன மாதம் ஒருவன் வந்தான்.
அவன் தங்கச்சியின் போன் என்னிடம்,
சார்ஜ் ஏறாத பழுது.
"ஆரோட கதைக்கிறாள் எண்டு
பாத்துச் சொல்லு மச்சான், காசு தாறன்."
டேப்பைத் திருப்பினேன்.
'ட'வும் இல்லை, 'ப'வும் இல்லை.
ஒன்பது புள்ளியையும் தொட்டுக் குறுக்கே ஓடும்
நண்டுக்கால் கோடு.
எவருக்கோ பயந்து
அவ்வளவு கவனமாகக் கட்டிய பூட்டை
என்னிடம் எழுதித் தந்திருக்கிறாள்.
நகத்தால் உரித்தேன். உருட்டி
ஈயம் உருக்கும் அயனின் நுனியில் வைத்தேன்.
பசை கருகி நாறியது.
"போர்ட் போயிற்று. அவங்களையே வரச் சொல்லு."
அவன் நம்பவில்லை.
பழக்கடை ஓரமாய் நெடுநேரம் நின்று
என் கையைப் பார்த்தான்.

இப்போது டேப்பில் பேரும் பழுதும் மட்டும்.
முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை.
"இருந்து நீங்களே திறந்து பாருங்க" என்றால்
அக்கரைப்பற்று பஸ் போகுதென்று ஏசுகிறார்கள்.
எதிர்க் கடைக்குப் போகிறார்கள் சிலர்.
அங்கே ஒன்பது புள்ளியும் பேனையும் தயார்.

நேற்று ஜெஸீமா ராத்தா வந்தார்,
சத்தம் கேட்குதில்லையாம்.
கதிரையில் இருக்கவில்லை.
போனைக் கண்ணாடி மேல் வைத்து,
பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கேட்க,
"நீயே திற தம்பி, 'ப'னா தான்" என்றார்.

"மாத்துங்க ராத்தா. இப்பவே மாத்துங்க.
நான் அங்கால பாக்கிறன்."

திரும்பி நின்றேன்.
பழக்கடையில் தொங்கும்
கோழிக்கூட்டு வாழைப்பழத்தை
ஒவ்வொன்றாக எண்ணினேன்.
முதுகுக்குப் பின்னால் அவர் விரல்
கண்ணாடியில் மெல்ல உரசுவது கேட்டது.
என் கை லாச்சியின் பிடியில் இருந்தது.