கடைசி வாங்கு

தாபரிப்பு வழக்குக்குத்தான் முதலில் போனேன்.
மாதம் பன்னிரண்டாயிரம் என்று தீர்ந்தது
(மூன்று மாதக் காசு இன்னும் வரவில்லை, அது வேறு கதை).
வெளியே மழை. குடை கொண்டுபோகவில்லை.
பக்கத்து மண்டபத்தில் ஒதுங்கினேன்.
அங்கே யோகவதனியைக் கொன்ற வழக்கு.

அதன்பிறகு ஒரு தவணையும் விட்டதில்லை.

வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு
பிளாஸ்டிக் இலக்கம் ஒன்று தருவார்கள்.
கடைசி வாங்கில் எங்களுக்கு இடம் உண்டு.
துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற மரியநாயகம்.
ஜமாலியாவிலிருந்து றிஸ்வியா, நோன்பு நாளிலும் வருவாள்.
லொத்தர்ப் பலகையை மதிலில் சாத்திவிட்டு பியசீலி.
அவளுக்குத் தமிழ் முழுக்க விளங்காது,
நான் காதுக்குள் சொல்வேன்.
மரியநாயகம் கொப்பி வைத்திருக்கிறார்.
சாட்சி மாற்றிச் சொன்னால் சிவப்புக் கோடு.
அரச சட்டத்தரணி இருமினாலும் எழுதுவார்.
உள்துறைமுகத்தில் கப்பல் ஊதினால்
சாட்சி பாதி வசனத்தில் நிற்கும்,
நாங்களும் மூச்சை நிறுத்தி வைத்திருப்போம்.

பி ஏழு: ஒரு செருப்பு. இடது கால்.
நீலம். குதிப்பக்கம் தேய்ந்தது.
பொலித்தீன் பையைத் திறந்தபோது
மூன்று வருடத்து மணல் மேசையில் கொட்டியது.
பதிவாளர் கையால் வழித்துக் கீழே தள்ளினார்.
அன்று மத்தியானம் றிஸ்வியா பார்சலைப் பிரிக்கவில்லை.
நான் பிரித்தேன். சூரை மீன் குழம்பு.
பசித்தது.

சட்ட வைத்திய அதிகாரி காயங்களைச் சிங்களத்தில் சொன்னார்.
மொழிபெயர்ப்பு முதலியார் அதைத் தமிழில் சொன்னார்,
கடைச் சிட்டை வாசிக்கிற குரலில்:
நாலு சென்ரிமீற்றர், இரண்டரை, ஆறு.
அன்றைக்கு மட்டும் பியசீலிக்கு நான் தேவைப்படவில்லை.
எங்களைவிட ஒரு வசனம் முந்தி
அழத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு இலக்கத்தைக் கொடுத்து போனை எடுத்தால்
அறுபது எழுபது பேர் காத்திருப்பார்கள்.
நிலாவெளி, மூதூர், சீனன்குடா,
ஒருத்தி ரொறன்ரோவில், அங்கே இன்னும் விடிந்திராது.
என்ன நடந்தது? அவன் என்ன செய்தவன்?
வேம்புக்குக் கீழே நின்று குரலைப் பதிந்து அனுப்புவேன்.
பக்கத்தில் மான் ஒன்று, யாரோ எறிந்த
சோற்றுத் தாளை மென்றுகொண்டிருக்கும்.
என்னை இப்படி ஒருவரும் கேட்டிருந்ததில்லை,
பன்னிரண்டாயிரம் தீர்த்த நீதவான்கூட.

ஒக்டோபர் தவணையில் ஒன்றும் நடக்கவில்லை.
எதிரியின் சட்டத்தரணிக்குக் காய்ச்சல். பத்து நிமிடம்.
சுகந்தரூபன் கூண்டுக்குள் நின்றான்,
பல்லிடுக்கில் எதையோ நாக்கால் தேடிக்கொண்டு.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று அறுபது பேருக்கு
எப்படிச் சொல்வது?
தாயைப் பார்த்துச் சிரித்தான் என்றேன்.

இரவுக்குள் அது என்னிடமே திரும்பி வந்தது.
சிரித்தானாம்.
பல்லெல்லாம் தெரியச் சிரித்தானாம்.
கண்ணடித்தானாம்.
அடுத்த தவணையில் மரியநாயகத்தின் கொப்பியிலும் பார்த்தேன்:
'எதிரி சிரித்தான்', சிவப்பில், இரண்டு கோடு.
அன்று அந்த மனிதர்
என் தோளோடு தோள் இருந்தவர்.

தண்ணீர்க் குழாயடியில் தாய் என்னை மறித்தாள்.
ஐந்து மாதமாக அவளின் பின்கழுத்தை மட்டும் பார்த்திருந்தேன்.
முகம் நான் நினைத்ததைவிட இளசு.
'பிள்ளை, நான் அண்டைக்குக் குனிஞ்சுகொண்டு இருந்திட்டன்.
காணேல்ல. நீங்கள் கண்டனீங்களாம்.
எப்பிடிச் சிரிச்சவன்?'

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
குழாய் சொட்டியது. அவள் சேலைத் தலைப்பைப்
பிடித்துக்கொண்டு காத்து நின்றாள்.

நான்
சிரித்துக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். நெடுநேரம்.
பாடமாக்குகிறவள் போல.
பிறகு தலையாட்டிவிட்டு
மூன்றாம் கட்டை பஸ்ஸுக்கு நடந்தாள்.

பெப்ரவரி பத்தொன்பதுக்குத் தவணை போட்டிருக்கிறது.
நீதிபதிக்கு இடமாற்றமாம், புதியவர் வருவாராம்.
செருப்பை இன்னொரு முறை பிரிப்பார்கள், இருக்கிற மணலோடு.
வாசலில் இலக்கம் தருகிறவருக்கு இப்போது என்னைத் தெரியும்.
போனை வாங்கும்போது கேட்பார்:
'இண்டைக்கும் உங்கட வழக்கோ?'